கான்ட்ராஸ்ட் ஊசியில் கடோலினியத்துக்குப் பதில் இரும்பு நானோ துகள்: ஏன் கிடைப்பதில்லை?

தாமிரபரணி_செல்வி

அம்மாவுக்கு 63 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, அதிலேயே கிட்னியும் பாதி போய்விட்டது. போன மாதம் வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் 2 செ.மீ. அளவில் ஏதோ தெரிகிறது என்றார்கள். டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். ஸ்கேன் சென்டரில் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். கிட்னி வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 26, அதனால் படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி போட முடியாது என்று ஊசி இல்லாமலே எடுத்து அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் "கான்ட்ராஸ்ட் இல்லாமல் உறுதியாகச் சொல்ல இயலாது" என்று ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு பத்து நாளாகத் தூக்கம் இல்லை.

என் தம்பி எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறான்: அந்த ஊசியில் வழக்கமாக இருக்கும் கடோலினியம் என்ற உலோகம் இல்லாமல், இரும்பு நானோ துகளை வைத்தே இந்தப் படத்தை எடுக்கலாமாம், அது கிட்னியைத் தொடாதாம். உண்மையா? உண்மையென்றால் ஏன் யாரும் அதைப் போடுவதில்லை? நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், கொஞ்சம் விளக்கமாகவே சொல்லலாம்.

கதிரியல்_மருத்துவன்

செல்வி, முதலில் அம்மா விஷயம், அப்புறம் அறிவியல்.

கிட்னி பழுதானவர்களுக்குக் கடோலினியம் கூடாது என்ற பயம் சும்மா வந்ததல்ல. 1997 வாக்கில் சில டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தோல் பலகை மாதிரி இறுகி, மூட்டுகள் மடங்காமல் போயின. 2000இல் அதைத் தனி நோயாக எழுதினார்கள். காரணம் கடோலினியமாக இருக்கலாம் என்று ஆஸ்திரியாவிலிருந்து ஒரு மருத்துவர் எழுதியது 2006இல்தான். 2007இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ, மருந்தின் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை போட வைத்தது. நீங்கள் போன சென்டர் அந்தக் காலத்து விதியை இன்னும் கடைப்பிடிக்கிறது.

ஆனால் கடோலினியம் ஊசி என்பது ஒரே மருந்து அல்ல. தனியாக விட்டால் கடோலினியம் அயனி நஞ்சு. கால்சியம் அயனியின் அளவிலேயே இருப்பதால் கால்சியத்தின் வழிகளை அடைத்துவிடும். அதனால் ஒரு கரிம மூலக்கூறுக்குள் பூட்டித்தான் கொடுக்கிறோம். பழைய வகையில் அந்தப் பூட்டு, கயிற்றால் சுற்றிக் கட்டியது போல. நாள்பட உடம்பில் தங்கினால் அவிழும். கிட்னி வேலை செய்யாதவருக்கு நாள்பட தங்கத்தானே செய்யும்? புதிய வகை கூண்டு போல, வளையமாக மூடியது. கடோடெரேட், கடோபுட்ரால், கடோடெரிடால் எல்லாம் இந்த வகை. இவற்றால் அந்தத் தோல் நோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி கையேடு, இந்த மருந்துகளுக்கு முன் கிட்னி டெஸ்ட் கட்டாயமில்லை என்கிறது. நம் ஊரிலும் கிடைக்கின்றன. எனவே கிட்னி டாக்டரையும் கதிரியல் டாக்டரையும் ஒருவரோடு ஒருவர் பேச வையுங்கள். "கூண்டு வகை மருந்து போடலாமா" என்று நேராகவே கேளுங்கள்.

இன்னொரு வழி, நுண்குமிழி ஊசி போட்டு எடுக்கும் அல்ட்ராசவுண்ட். அந்த வாயு மூச்சு வழியாக வெளியேறிவிடும், கிட்னிக்கு வேலையே இல்லை. கல்லீரலில் ஒரே ஒரு கட்டியை மட்டும் பார்க்க அது நல்ல முறை.

தம்பி சொன்னதும் பொய்யில்லை. இரவு வந்து எழுதுகிறேன்.

காந்தக்குழல்

நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன். டாக்டர் வருவதற்குள் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், அக்கா வகுப்பிலும் சொல்லலாம்.

நம் உடம்பில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் குட்டிக் காந்தங்கள். பெரிய காந்தத்துக்குள் படுக்க வைத்து ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் ஒரே தாளத்தில் சுற்றும். கோலாட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே நொடியில் கோலைத் தட்டினால் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். ஆளுக்கொரு தாளத்தில் தட்டினால் அதே ஆட்கள், அதே கோல், ஆனால் வெறும் சலசலப்பு. நம் மெஷின் கேட்பது அந்தச் சேர்ந்த ஓசையை.

இரும்புத் துகள் என்ன செய்கிறது என்றால், தன்னைச் சுற்றி இடத்துக்கு இடம் மாறும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பக்கத்து ஹைட்ரஜன்களுக்குத் தாளம் தப்புகிறது. ஓசை அடங்குகிறது. படத்தில் அந்த இடம் கறுப்பாகிறது. டி2 குறைகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

கடோலினியம் வேறு வழி. அதில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் ஏழு. பக்கத்து ஹைட்ரஜன்கள் வாங்கிய சக்தியைச் சீக்கிரம் விட்டுவிட்டு அடுத்த தட்டுக்குத் தயாராக உதவுகிறது. அதனால் வெளிச்சமாகத் தெரியும். இது டி1.

சுருக்கமாக, ஒன்று விளக்கேற்றுகிறது, மற்றொன்று விளக்கை அணைக்கிறது.

வைகைக்கரை_முத்து

கறுப்பாகத் தெரிந்தால் கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டி வெளிச்சமாகத் தெரிந்தால்தானே வசதி?

கதிரியல்_மருத்துவன்

முத்து, அந்த மருந்தின் அழகே அதில்தான் இருக்கிறது. துகள் கட்டிக்குள் போவதில்லை. நல்ல கல்லீரலுக்குள் போகிறது.

கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்று உண்டு, ரத்தத்தில் வரும் குப்பையை விழுங்கித் துப்புரவு செய்பவை. டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருளைப் பூசிய இரும்புத் துகளை ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பகுதியை இவையே விழுங்கிவிடும். கல்லீரல் முழுக்கக் கறுக்கும். புற்றுக் கட்டியில், குறிப்பாக வேறெங்கோ இருந்து பரவி வந்த கட்டியில், குப்ஃபர் செல்கள் இருக்காது. ஆகவே கட்டி மட்டும் கறுக்காமல் இருட்டில் நிலா மாதிரி நிற்கும். பயிற்சிக் காலத்தில் வெளிநாட்டில் இந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். அரை செ.மீ. புள்ளிகூடக் கண்ணில் அறையும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் படங்கள் மனதில் இருக்கின்றன.

அந்த மருந்தின் பெயர் அமெரிக்காவில் ஃபெரிடெக்ஸ், ஐரோப்பாவில் எண்டோரெம். எஃப்டிஏ அனுமதி 1996இல். அடுத்து ரெசோவிஸ்ட், ஐரோப்பாவில் 2001இல். இரண்டுமே இரும்பு ஆக்சைடுதான். ஃபெரிடெக்ஸின் அளவு கிலோவுக்கு 0.56 மி.கி. இரும்பு, 60 கிலோ ஆளுக்குச் சுமார் 34 மி.கி. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினாலே 200 மி.கி.க்கு மேல் இரும்பு போகிறது, உடம்பில் ஏற்கெனவே 3, 4 கிராம் இருக்கிறது. அந்த 34 மி.கி. உடம்பின் இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். கிட்னி வழியாக வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் தம்பி படித்தது இதுதான், செல்வி.

வைகைக்கரை_முத்து

இவ்வளவு நல்லதை ஏன் ஒழித்தார்கள்? கடோலினியம் விற்கும் கம்பெனிகள் விடவில்லை, அதானே? மூளையில் கடோலினியம் தங்குகிறது என்று 2014இல் ஜப்பானிலிருந்து வந்ததே, அதற்குப் பிறகும் ஏன் இரும்புக்குத் திரும்பவில்லை?

கதிரியல்_மருத்துவன்

வியாபாரம் காரணம்தான், ஆனால் நீங்கள் சொல்லும் விதத்தில் இல்லை. ரெசோவிஸ்டை விற்ற ஷெரிங் கம்பெனிதான் கடோலினியத்தின் முதல் மருந்தான மேக்னிவிஸ்டையும் விற்றது. யாரும் யாரையும் அடைக்கவில்லை. மருத்துவர்களான நாங்களே வாங்குவதை நிறுத்தினோம். ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

ஃபெரிடெக்ஸை 100 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் கலந்து அரை மணி நேரம் சொட்டாக ஏற்ற வேண்டும். நடுவில் சிலருக்கு முதுகு வலி பிடித்துக்கொள்ளும், நிறுத்தி, காத்திருந்து, மறுபடி தொடங்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். வெளியே பத்து நோயாளிகள் காத்திருக்கும்போது இது எவ்வளவு பெரிய சுமை என்று காந்தக்குழலுக்குத் தெரியும்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. கல்லீரலிலேயே பிறக்கும் புற்று பெரும்பாலும் தமனி ரத்தத்தைத்தான் குடிக்கும். ஊசி போட்டு முப்பது நொடிக்குள் அது பளிச்சென்று மின்னி, அப்புறம் மங்கும். அந்த மின்னலையும் மங்கலையும் பார்த்துத்தான் இது புற்று என்கிறோம். அரை மணி நேரச் சொட்டில் இந்தக் காட்சி கிடைக்காது. அப்போதுதான் கடாக்ஸடேட் என்ற கடோலினிய மருந்து வந்தது, ஐரோப்பாவில் 2004, அமெரிக்காவில் 2008. அதில் பாதி கல்லீரல் செல்களுக்குள் போய்ப் பித்தம் வழியாகவும் பாதி கிட்னி வழியாகவும் வெளியேறும். அந்த முப்பது நொடித் தமனிக் காட்சியும் கிடைக்கும், இருபது நிமிடம் கழித்துக் கல்லீரல் பளபளக்க, கட்டி கறுத்துத் தெரியும். ஒரே ஊசி, ஒரே அமர்வு. அதே 2008இல் ஃபெரிடெக்ஸ் தயாரிப்பு நின்றது. ஐரோப்பாவில் ரெசோவிஸ்ட் 2009இல் நின்றது.

மூளையில் தங்குவது உண்மைதான். கான்டா குழுவினர் 2014இல் எழுதியது, திரும்பத் திரும்ப ஊசி போட்டவர்களின் மூளைக்குள் இரண்டு இடங்களில் வெளிச்சம் கூடியிருந்ததைப் பற்றி. 2017இல் ஐரோப்பா கயிற்று வகை மருந்துகளில் பலவற்றை நிறுத்தி வைத்தது. ஆனால் அதற்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தக் கல்லீரல் இரும்பு மருந்துகள் சந்தையில் இல்லை. மூடிய ஆலையை மறுபடி திறக்கப் புதிய ஆய்வுகளும் பெரும் பணமும் வேண்டும். அந்தச் செலவை ஏற்க யாரும் வரவில்லை.

எனக்கு உண்மையிலேயே ஆறாத வருத்தம் கல்லீரல் மருந்தில் இல்லை, காம்பிடெக்ஸ் என்ற இன்னொரு இரும்பு மருந்தில். அதன் துகள் இன்னும் சிறியது. கல்லீரல் உடனே பிடித்துக்கொள்ளாது, ரத்தத்தில் சுற்றிச் சுற்றி 24 மணி நேரத்தில் நிணநீர் முடிச்சுகளுக்குள் போய்ச் சேரும். நல்ல முடிச்சு கறுக்கும், புற்று ஏறிய முடிச்சு கறுக்காது. 2003இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் ஹரிசிங்கானி குழுவினர் 80 புராஸ்டேட் புற்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். சாதாரண எம்ஆர்ஐ புற்றேறிய முடிச்சுகளில் 35.4 சதவீதத்தைப் பிடித்தது. இந்தத் துகளோடு 90.5 சதவீதம். புற்றேறிய முடிச்சுகளில் 71 சதவீதம், அளவைப் பார்த்தால் சந்தேகப்படவே முடியாத சின்ன முடிச்சுகள். அப்படியும் 2005இல் எஃப்டிஏ ஆலோசனைக் குழு ஏற்கவில்லை. 2007இல் ஐரோப்பிய விண்ணப்பத்தையும் கம்பெனி திரும்பப் பெற்றது. நெதர்லாந்தில் நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் மருத்துவமனையில் பாரென்ட்ஸ் என்ற கதிரியலாளர் விடாப்பிடியாக அதை மறுபடி தயாரிக்க வைத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். பல நாடுகளிலிருந்து ஆண்கள் அந்த ஒரு ஸ்கேனுக்காக அங்கே போனார்கள்.

நர்ஸ்_அமலா

நான் அமெரிக்காவில் டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ். இரும்புத் துகள் முழுக்க மறைந்துவிடவில்லை டாக்டர், நாங்கள் தினமும் கையாள்கிறோமே! ஃபெராஹீம், அதாவது ஃபெருமாக்சிடால். கிட்னி நோயாளிகளின் ரத்தசோகைக்கு 2009இல் அனுமதி வந்தது. ஒரு குப்பி 17 மி.லி., அதில் 510 மி.கி. இரும்பு. பார்க்கக் கடுங்காப்பி நிறம். இதுவும் அதே காந்த நானோ துகள்தான், பூச்சு மட்டும் வேறு.

ஆரம்பத்தில் இதை நொடிக்கு 1 மி.லி. வேகத்தில் சிரிஞ்சிலேயே தள்ளலாம் என்றிருந்தது. பதினேழு நொடியில் முடிந்துவிடும். பிறகு ஒவ்வாமையால் சிலருக்கு மூச்சடைத்தது. 2009 ஜூன் முதல் ஐந்தாண்டுகளில் எஃப்டிஏவுக்கு வந்த கடும் ஒவ்வாமைத் தகவல்கள் 79, அதில் 18 பேர் இறந்துவிட்டார்கள். 2015 மார்ச்சில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது. இப்போது கலந்து, குறைந்தது 15 நிமிடம் ஏற்றி, அரை மணி நேரம் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கிறோம். என் கையால் ஏற்றிய ஒருவருக்கு ஒருமுறை முகம் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கியது. உடனே நிறுத்தினோம், பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து முதல் ஐந்து நிமிடம் நான் நோயாளியை விட்டு நகர்வதே இல்லை.

சில பெரிய மருத்துவமனைகளில் இதே மருந்தை, கடோலினியம் போட முடியாத கிட்னி நோயாளிகளுக்கும் பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கும் ரத்தக்குழாய்ப் படம் எடுக்கப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் பல மணி நேரம் தங்குவதால் அவசரமில்லாமல் படம் எடுக்கலாமாம்.

எல்லாரும் கவனிக்க ஒரு விஷயம்: இந்த ஊசி போட்டவர்களுக்கு மூன்று மாதம் வரை எம்ஆர்ஐ படம் மாறித் தெரியலாம். ஸ்கேனுக்குப் போகும்போது இரும்பு ஊசி போட்டிருந்தால் அதன் பெயரையும் தேதியையும் கட்டாயம் சொல்லுங்கள்.

வைகைக்கரை_முத்து

18 பேர் இறந்திருக்கிறார்களா... அப்போ இரும்பும் ஆபத்துதானே. நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன்.

கதிரியல்_மருத்துவன்

அதையும் அளவோடு பார்க்க வேண்டும் முத்து. அந்த 79 பேரும் எம்ஆர்ஐக்காக எடுத்துக்கொண்டவர்கள் அல்ல. படம் எடுக்கப் பயன்படுத்திய பல மருத்துவமனைகள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட கணக்கில் 3215 நோயாளிகள், 4240 ஊசிகள். ஒவ்வாமையும் மற்றத் தொந்தரவுகளும் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு, உயிருக்கு ஆபத்தான எதிர்வினை ஒன்றும் இல்லை. மெதுவாக ஏற்றுவதும் கண் எடுக்காமல் பார்ப்பதும் எவ்வளவு முக்கியம் என்று அமலா சொன்னார்கள் அல்லவா, அதே முறையில் செய்தவை அவை.

மணல்வீடு

நான் ஆய்வகத்தில் இந்தத் துகள்களைச் செய்பவன். மூன்று வருடமாக இதே வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

செய்வது கேட்க எளிது. இரண்டு வகை இரும்பு உப்பை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நீரில் கரைத்து, காற்றுப் படாமல் நைட்ரஜன் செலுத்தி, அம்மோனியாவை ஊற்றினால் காவி நிறக் கரைசல் கண்முன்னே கறுப்பாகும். அதுதான் மேக்னடைட். 1981இல் மசார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய முறை. பீக்கருக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் மொத்தக் கறுப்பும் அந்தப் பக்கம் சாயும். முதல் நாள் பார்த்தபோது மதியம் சாப்பிடப் போக மறந்துவிட்டேன்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். இன்று செய்ததும் நாளை செய்வதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் சூடு மாறினால், ஊற்றும் வேகம் மாறினால், 8 நானோமீட்டர் 12 ஆகிவிடும். அளவு மாறினால் காந்த குணமும், உடம்பில் எங்கே போகும் என்பதும் மாறும். ஊசி மருந்துக்கு அந்த மாற்றம் கூடவே கூடாது.

முத்து அண்ணே கேட்ட ஆபத்து இரும்பால் மட்டும் வருவதல்ல. ரத்தத்துக்குள் போன கணத்திலேயே புரதங்கள் துகள் மேல் அப்பிக்கொள்ளும். பூச்சு எப்படியோ, அப்பும் புரதமும் அப்படி. நோய் எதிர்ப்பின் ஒரு பகுதியான காம்ப்ளிமென்ட் புரதங்கள் சில பூச்சுகளைக் கண்டால் விழித்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பாதிப் பிரச்சினை காந்தத்தில் இல்லை, மேற்சட்டையில்தான்.

"கறுப்புப் படம்" என்ற குறைக்கும் வழி தேடுகிறார்கள். துகளின் நடுவிலுள்ள இரும்பு ஆக்சைடு உருண்டையை 3 நானோமீட்டர் வரை சிறிதாக்கினால் காந்தம் பலவீனமாகித் தாளம் கெடுக்கும் வேலை குறைகிறது, வெளிச்சம் கூட்டும் வேலை முந்துகிறது. 2017இல் எம்ஐடியில் பவெண்டி குழுவினர் இப்படிச் செய்து எலிகளில் வெளிச்சமான படம் எடுத்தார்கள். ஆனால் அவ்வளவு சிறியது கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. செல்வி அக்காவின் அம்மாவுக்கு என்று யோசித்தால் அதே கிட்னியிடமே திரும்பி வருகிறோம். தங்கினாலும் இரும்புதானே என்ற ஆறுதல் மட்டும் உண்டு.

அப்புறம் எம்பிஐ, அதாவது காந்தத் துகள் படமெடுப்பு. 2005இல் ஹாம்பர்க் பிலிப்ஸ் ஆய்வகத்தில் கிளைஷும் வைசனெக்கரும் சொன்ன முறை. நீரைப் பார்க்காமல் துகளையே நேரடியாகப் பார்ப்பது. உடம்பில் வேறெதுவும் அந்த ஓசையைத் தராது என்பதால் பின்னணியே இல்லாத படம். அதற்கு அதிகம் பயன்பட்ட துகள் எது தெரியுமா? கல்லீரலுக்காக வந்து ஐரோப்பாவில் விற்பனை நின்ற அதே ரெசோவிஸ்ட்.

காந்தக்குழல்

மார்பகப் புற்றிலும் இந்தத் துகள் இப்போது வந்திருக்கிறது. மேக்ட்ரேஸ் என்று பெயர், எஃப்டிஏ அனுமதி 2018இல். புற்று முதலில் பரவும் நிணநீர் முடிச்சைக் கண்டுபிடிக்கக் கதிரியக்க மருந்துக்குப் பதில் போடுகிறார்கள். கதிரியக்கத் துறை இல்லாத ஊர் மருத்துவமனைக்கு இது பெரிய வசதி. ஆனால் போட்ட இடத்தில் தோல் பழுப்பாகக் கறை படியும், அதே மார்பில் பின்னாளில் எம்ஆர்ஐ எடுத்தால் ஓட்டை விழுந்த மாதிரி கறுப்பு வரும். ஊசி போடுமுன் நோயாளியிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

தாமிரபரணி_செல்வி

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

கிட்னி டாக்டரும் கதிரியல் டாக்டரும் போனில் பேசினார்கள். வேறு இடத்தில் கூண்டு வகை மருந்து போட்டு எடுத்தோம். கல்லீரலில் இருப்பது ஹீமஞ்சியோமா, வெறும் ரத்தக்குழாய்த் திரட்டு, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். அம்மா ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டு, "அப்போ நாளைக்கு இட்லிக்கு ஊறப் போடட்டுமா" என்றாள். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். அமலா அக்கா சொன்னபடி மருந்தின் பெயரும் தேதியும் அம்மாவின் ஃபைல் அட்டையில் எழுதி ஒட்டியாயிற்று.

மணல்வீடு தம்பிக்கு ஒரு கேள்வி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆற்று மணலில் காந்தத்தை இழுத்துக் கறுப்புப் பொடி சேர்த்து வந்தார்கள். "இதுதான் அந்த ஊசியில் இருக்கிறதா டீச்சர்" என்று ஒரு பெண் கேட்டாள். என்ன சொல்ல?

மணல்வீடு

அம்மா நலம் கேட்டு மனது நிறைந்தது அக்கா.

அந்தப் பெண்ணிடம் "பெரும்பாலும் அதே பொருள்தான்" என்று சொல்லுங்கள். அந்தப் பொடியில் அதிகம் மேக்னடைட்தான், டைட்டானியம் போன்றவையும் கலந்திருக்கும். வித்தியாசம் அளவில். மணலில் உள்ள ஒரு மணி கால்வாசி, அரைவாசி மில்லிமீட்டர் கூட இருக்கலாம், பொடியானது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஊசியில் இருப்பது அதிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

அவ்வளவு சின்னதாகும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. பெரிய மணி ஒருமுறை காந்தமாகிவிட்டால், காந்தத்தை எடுத்த பிறகும் கொஞ்சம் காந்தமாகவே இருக்கும். 10 நானோமீட்டர் துகளில் அறையின் வெப்பமே அதன் வடக்கையும் தெற்கையும் நொடிக்குள் பல முறை புரட்டிப் போட்டுவிடும். காந்தம் பக்கத்தில் இருக்கும் வரை அடங்கி நிற்கும், எடுத்துவிட்டால் எல்லாம் மறந்துவிடும். அதனால்தான் ஸ்கேன் முடிந்து வெளியே வந்த நோயாளியின் ரத்தத்தில் துகள்கள் காந்தமாக ஒட்டிக் கட்டி தட்டுவதில்லை. மீ-பாராகாந்தம் என்று பேர்.

பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்: பொடியை ஒரு தாளில் பரப்பி, அடியில் காந்தத்தை ஒருமுறை தேய்த்து எடுத்துவிட்டு, பொடியை மெதுவாகத் தட்டினால் சில மணிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டே இருக்கும். என்னிடம் உள்ள துகள் கரைசலை ஒரு சின்னக் குப்பியில் அடைத்து அனுப்புகிறேன், அதில் காந்தத்தை எடுத்ததும் என்ன ஆகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பள்ளி முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள் அக்கா.